வெள்ளைச் சட்டையும் சாப்பாட்டு டப்பாவும்

என் கணவருக்கு, அசையாமல் இருந்ததற்காக ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கம்பெனி முத்திரை குத்திய கடிதம். கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஒரு முறை படிப்பார்கள், இன்னொரு முறை படிப்பார்கள், அப்புறம் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

அவர் கிரேன் ஓட்டுகிறவர். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே பேசுவது ஒன்றும் மேலே கேட்காது. கீழே நிற்கும் சிக்னல்காரரின் கை சொல்வதுதான் அவருக்குப் பேச்சு. ஏற்று, இறக்கு, மெதுவாக, நிறுத்து, எல்லாம் கைதான். ஒரு நாள் பெரிய காங்கிரீட் பலகை ஒன்றைத் தூக்கி நடுவானில் வைத்திருந்தபோது சிக்னல்காரர் இறக்கு என்று காட்டியிருக்கிறார். பக்கத்தில் நின்ற மேஸ்திரி ஏற்று என்று காட்டியிருக்கிறார். இவர் இரண்டையும் செய்யவில்லை. கீழே அவர்கள் இருவரும் கத்தித் தீர்க்கும்வரை பலகை அப்படியே தொங்கியது. பிறகுதான் தெரிந்தது, பலகை இறங்க வேண்டிய இடத்தில் வெல்டிங்காரர்கள் இரண்டு பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதற்குத்தான் கடிதம்.

“ரெண்டு சைகை ரெண்டு விதமா வந்தா, எதையும் செய்யக் கூடாது. இருக்கிற இடத்துல நின்னுடணும். அதான் எங்க சட்டம்,” என்பார்.

நல்ல சட்டம்தான், கிரேனுக்கு. அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அங்கேதான் வினை.

என் பக்கமும் குற்றம் உண்டு. மறைப்பானேன், என் வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். “எனக்கு ஒண்ணும் வேணாம்” என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தை நாலு வீட்டுக்குக் கேட்கும்படி வைப்பேன். “கோபமெல்லாம் இல்ல” என்று சொல்வேன், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். இத்தனைக்கும் என் வேலை என்ன தெரியுமா? பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வது. எந்த வண்டி, எந்த நடைமேடை, எத்தனை மணி என்று ஒன்றுக்கு இரண்டு முறை, ஒரு சொல் மாறாமல் சொல்வேன். என் பேச்சை நம்பித் தினமும் ஆயிரக்கணக்கான பேர் சரியான வண்டியில் ஏறிப் போகிறார்கள். வீட்டில் ஒரே ஓர் ஆள். அவரை மட்டும் ஒரு நாளும் சரியான வண்டியில் ஏற்றியதில்லை.

கல்யாணமான முதல் வருடம் ஒரு பெரிய சண்டை. காரணம் இப்போது இருவருக்குமே நினைவில்லை. நான் பெட்டியைக் கட்டி, “நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன், யாரும் தடுக்க வேணாம்” என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போகாமல் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? கையைப் பிடித்து எழுப்புவார்கள், இல்லாவிட்டால் ஆட்டோ பிடித்துத் தருவார்கள். இவர் எதிரே நாற்காலியைப் போட்டு, முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம். எனக்குப் பசி வந்து, அழுகை வந்து, கடைசியில் சிரிப்பு வந்து, நானே எழுந்து பெட்டியைப் பிரித்தேன்.

“ஏங்க, ஒரு வார்த்தை போகாதேன்னு சொல்லக் கூடாதா?”

“போறேன்னு சொன்ன. உக்காந்துட்ட. எதை நம்பறது?” என்றார். சத்தியமாகக் குழம்பிய முகம்.

எங்கள் மகள் இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வளர்ந்தபின் அவள் எனக்கு ஒரு புத்தி சொன்னாள். “அம்மா, அப்பாகிட்ட ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொல்லும்மா. ரெண்டா சொன்னா அவர் அந்தரத்துல தொங்கிடுவாரு.” கேட்டுக்கொண்டேன். கடைப்பிடிக்கவில்லை. நானே வாய்விட்டுக் கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது, அவராகப் புரிந்துகொள்ள வேண்டாமா என்று ஒரு வீம்பு. அந்த வீம்பு இருபத்திரண்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியது.

போன மாதம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பட்டாணி அளவு இருக்கும். நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் வேலை முடிந்து நேராக மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பதினேழாம் தேதி காலை வந்து முடிவைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்.

அன்று இரவு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேளுங்கள். “சும்மா ஒரு டெஸ்ட் எடுத்திருக்காங்க. ஒண்ணும் இருக்காது. இந்த வயசுல எல்லாருக்கும் எடுக்கறதுதான்.” சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு நழுவித் தட்டில் விழுந்தது. சாப்பாடெல்லாம் தண்ணீர்.

அவர் நனைந்த தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ரிசல்ட் என்னிக்கு?”

“பதினேழு.”

“நானும் வரேன்,” என்றார் உடனே. சொல்லிவிட்டு நேரே போய்ச் சுவர்க் காலண்டர் முன்னால் நின்றார். நின்றவர் நின்றவர்தான். பிடரியைச் சொறிந்துகொண்டார். பெருமூச்சு விட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பதினேழாம் தேதிதான் ரயில் பாதைக்கு மேலே கட்டுகிற புதுப் பாலத்தின் கடைசி இரும்பு உத்தரத்தைத் தூக்கி வைக்கும் நாள். நூறு டன்னுக்கு மேல் கனம். அதற்காக இரண்டு மணி நேரம் ரயிலையெல்லாம் நிறுத்தப் போகிறார்கள். அந்த வேலைக்கு இவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்தபோது, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி எனக்கு நடித்துக் காட்டினார். டி.வி.யில் நேரடியாகக் காட்டுவார்கள் என்று நான்தான் என் அலுவலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன்.

மறுநாள் காலை காலண்டரைப் பார்த்தேன். பதினேழைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஒன்றல்ல, மூன்று சுற்று. பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தியிருந்தார்.

சுருக்கென்றது. வாய் வரேன் என்கிறது, மனசெல்லாம் பாலத்தில் இருக்கிறது, அப்படித்தானே? சரி, போகட்டும். வாழ்நாளில் ஒரு முறை வரும் வேலை. என் பட்டாணிக்காக அவர் அதை விட வேண்டுமா? நான் என்ன நடக்க முடியாதவளா, படிக்காதவளா? இப்படியெல்லாம் பெருந்தன்மையாக நினைத்தேன். அடியில் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அதிலிருந்து ஐந்தாறு நாள் கழித்து அவர் ஏதோ சொல்ல வந்தார். “இங்க பாரு, பதினேழாம் தேதி…” என்று ஆரம்பித்தார்.

நான் முந்திக்கொண்டேன். “நீங்க ஒண்ணும் வர வேணாம். பாலம்தான் முக்கியம். லீவு போட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒரு காகிதத்தை வாங்கிட்டு வர்றதுக்கு ரெண்டு பேர் எதுக்கு?” சிரித்துக்கொண்டே சொன்னேன். நன்றாகத்தான் சிரித்திருப்பேன், குரலைச் சரியாக வைப்பதுதானே என் தொழில்.

அவர் மறுத்து ஒரு பேச்சு பேசவில்லை. ஒரு தடவையாவது முடியாது, வருவேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேனே, அந்த எதிர்பார்ப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பதினாறாம் தேதி மாலை துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்தேன். உறவுக்காரர் வீடு, மகளின் பள்ளிக்கூடம் என்று என்னோடு வெளியே வரும்போது மட்டும் போடுவது அது. கிரேன் வேலைக்கு யாரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போக மாட்டார்கள், கிரீஸ் பட்டால் போகாது. அதைக் காலர், கை மடிப்பு எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேய்த்து, காலையில் அவர் கண்ணில் படும்படி நாற்காலியில் விரித்து வைத்தேன். ஏன் வைத்தேன்? வாயால் வேண்டாம் என்று சொல்லியாயிற்று, கை கேட்கவில்லை.

அத்தோடு விட்டேனா? காலையில் எழுந்து, வேலைக்குப் போகிறவருக்கு வழக்கமாகக் கட்டும் சாப்பாட்டை டப்பாவில் கட்டி அந்தச் சட்டையின் பக்கத்திலேயே வைத்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே சத்தமே இல்லை. ரொம்ப நேரம் நாற்காலியின் முன்னால் நின்றிருக்கிறார் போலிருக்கிறது.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நின்றார்.

“கிளம்பறேன்,” என்றார்.

“சரி.”

“நீ…”

“நான் பாத்துக்கறேன். நேரமாச்சு, போங்க.”

போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்! டி.வி.க்காரர்கள் வருவார்கள் என்று வெள்ளைச் சட்டை. படத்தில் அழகாக விழ வேண்டுமாம். தேய்த்து வைத்தவள் எதற்காக வைத்தாள் என்று அந்த மண்டைக்கு எட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டைப் பூட்டினேன். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

மருத்துவமனையில் எனக்குப் பதினான்காம் எண் சீட்டு. கூடத்தில் வரிசை வரிசையாக நீல நாற்காலிகள். வந்திருந்த பெண்கள் எல்லோரும் ஜோடியாக, இல்லாவிட்டால் மகளோடு, அக்காவோடு உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் என் கைப்பை உட்கார்ந்திருந்தது. சுவரில் சத்தம் குறைத்து வைத்த டி.வி. அதில் பாலம்.

பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் கூட்டம். மஞ்சள் நிறக் கிரேன் ஒன்று மெல்ல அந்தப் பிரமாண்டமான உத்தரத்தைத் தூக்கியது. அது காற்றில் லேசாக ஆடியபோது கூடத்தில் இருந்த எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டம் அடங்கும்வரை கிரேன் அசையாமல் காத்திருந்து, பிறகு நூல் பிடித்தாற்போல் நகர்ந்தது. கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. நெஞ்சு விம்மியது.

பக்கத்து வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாளிடம் சொன்னேன். “அந்தக் கிரேன் ஓட்டறது எங்க வீட்டுக்காரர்தான்.”

“அப்படியா! அதான் நீங்க தனியா வந்திருக்கீங்களா?” என்றார் அவர்.

நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கைப்பையில் எதையோ தேடினேன். அதில் தேட ஒன்றும் இல்லை.

பத்தரைக்கு நர்ஸ் வந்தாள். கையில் என் கோப்பு.

“பதினாலாம் நம்பர் நீங்கதானே? கூட யாரு வந்திருக்காங்க?”

“யாரும் வரல.”

“வீட்லேர்ந்து யாராச்சும் ஒருத்தர வரச் சொல்லுங்கம்மா. டாக்டர் ரெண்டு பேரையும் வச்சுப் பேசணும்னு சொல்றாங்க. பயப்படாதீங்க,” என்றாள். பயப்படாதீங்க என்று சொன்ன வாய் சிரித்தது. கண் என் முகத்துக்கு வரவே இல்லை, கோப்பிலேயே இருந்தது.

இரண்டும் இரண்டாக இருந்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை நம்பி நிம்மதியாக உட்காருவதா, கண்ணை நம்பி அழுவதா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்தவள் எழுந்தபடி நின்றேன்.

யாரைக் கூப்பிடுவது? மகளுக்கு விஷயமே தெரியாது. போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினேன். எடுக்க மாட்டார் என்று தெரியும். கிரேன் கூண்டுக்குள் போனை எடுத்துப்போகவே கூடாது, கீழே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். டி.வி.யில் உத்தரம் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. இருந்தாலும் அழுத்தினேன். கூப்பிட்டேன், எடுக்கவில்லை என்று நாளைக்குச் சொல்லிக் காட்டலாம் அல்லவா?

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“சொல்லு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டி.வி.யைப் பார்த்தேன். உத்தரம் தண்டவாளத்துக்கு நேர் மேலே.

“உங்களுக்கு அறிவிருக்கா?” என்று கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. “அவ்வளவு பெரிய இரும்பை மேல தூக்கி வச்சுக்கிட்டு போன எடுக்கறீங்களே! கீழ எத்தனை பேர் நிக்கறாங்க! வைங்க முதல்ல!”

“நான் எதையும் தூக்கலையே,” என்றார்.

“டி.வி.ல பாத்துக்கிட்டு இருக்கேன்!”

“அது சின்னவன். என்கூட வேலை பாக்கறானே, அவன். நல்லாத்தான் செய்யறானா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அப்ப நீங்க எங்க இருக்கீங்க?”

“இங்கதான்.”

“இங்கன்னா எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு எதிர்ல. பஸ் ஸ்டாப்புல.”

ஜன்னல் பக்கம் ஓடினேன். இரண்டாவது மாடி. கீழே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். அங்கே பலகையில் ஒரு வெள்ளைச் சட்டை. ஒரு கையில் போன், மடியில் சாப்பாட்டு டப்பா. ஒரு பஸ் வந்து நின்று அவரை மறைத்தது. அது போனபோதும் அவர் அங்கேயே இருந்தார்.

“எப்பலேர்ந்து உக்காந்திருக்கீங்க?”

“எட்டரை இருக்கும். நீ உள்ள போனதப் பாத்தேன்.”

“பாத்துட்டு ஏன் உள்ள வரல?”

போனில் ஒரு லாரி போகும் சத்தம் கேட்டது.

“வர வேணாம்னு சொன்ன. கோபம் வரும்னும் சொன்ன. ஆனா சட்டைய எடுத்து வச்சிருந்த. சரி, வரச் சொல்றான்னு போட்டுக்கிட்டேன். பாத்தா பக்கத்துலயே சாப்பாடும் கட்டி வச்சிருக்க. வாசல்ல கேக்கலாம்னு பாத்தேன், போங்கன்ன. ஒண்ணும் புரியல. வேலைக்கும் போகாம, உள்ளயும் வராம, நடுவுல நின்னுட்டேன்.”

“பாலம்? அதை விட்டுட்டா வந்தீங்க?”

“அதை அன்னிக்கே விட்டாச்சு. நீ டெஸ்டுன்னு சொன்ன மறுநாளே இன்ஜினீயர்கிட்டச் சொல்லிட்டேன், பதினேழாம் தேதி நான் வர முடியாதுன்னு. சின்னவனுக்குப் பழக்கிவிடறதுக்கே பத்து நாள் ஆச்சு. உன்கிட்டச் சொல்லத்தான் வந்தேன் அன்னிக்கு. நீ பாலம்தான் முக்கியம்னு சிரிச்சுக்கிட்டே சொன்ன. அத்தனை சந்தோஷமா இருக்கறவகிட்ட எப்படிச் சொல்றது?”

“அப்ப காலண்டர்ல வட்டம்?”

“அது உன் ரிசல்ட்டுக்குப் போட்டது. பின்ன எதுக்கு?”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று சுற்று, காகிதம் கிழியக் கிழிய. அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் பதினைந்து நாளாக அவரை மனசுக்குள் வறுத்து எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் கூடத்தில் திடீரென்று கைதட்டல். உத்தரம் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“என்ன ஆச்சு? எதுக்குக் கூப்ட்ட?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல, சும்மாதான். நீங்க இருங்க, நானே வந்துடறேன்…”

சொல்லிக்கொண்டே போனேன். என் வாய்தான் சொன்னது, பழக்கதோஷம். கீழே அவர் பலகையிலிருந்து பாதி எழுந்திருந்தார். நான் அப்படிச் சொன்னதும் மறுபடி மெல்ல உட்காரப் போனார். உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை. டப்பாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முதுகு வளைந்து, அப்படியே நின்றார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மனுஷனை இருபத்திரண்டு வருடமாக இப்படித்தானே நிற்க வைத்திருக்கிறேன்.

“என்னங்க,” என்றேன். “பயமா இருக்கு. டாக்டர் கூட யாராச்சும் வரணும்னு சொல்றாங்க. எனக்கு நீங்க வேணும். உள்ள வாங்க.”

ஒரு சொல் கூட மிச்சம் வைக்காமல் சொன்னேன். போனை வைக்கக்கூட இல்லை அவர். சாலையில் இரண்டு பக்கமும் பார்க்காமல் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு ஆட்டோக்காரர் திட்டியது போன் வழியாக எனக்கே கேட்டது.

நான்கே நிமிடத்தில் மாடியேறி, மூச்சு வாங்க வந்து நின்றார். சட்டை முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. என் கைப்பையை நாற்காலியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெரியம்மாள் டி.வி.யைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி டி.வி.யைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “கெட்ட கட்டிதான்,” என்றார். “ஆனா ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. சின்னது. எடுத்துடணும், அப்புறம் கொஞ்ச நாள் சிகிச்சை இருக்கு. ரெண்டு வாரத்துக்குள்ள ஆபரேஷன் வச்சுக்கலாம். ஆபரேஷன் முடிஞ்சதும் பக்கத்துலயே ஒருத்தர் இருக்கணும், அதனாலதான் கூட ஆள் வேணும்னு சொன்னேன்.”

கெட்ட என்ற சொல்லுக்குப் பிறகு எனக்குப் பாதி கேட்கவில்லை. இவர்தான் எல்லாம் கேட்டுக்கொண்டார். எத்தனை நாள் தங்க வேண்டும், சாப்பாடு என்ன, எப்போது கையைத் தூக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தன் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார்.

“ஒரு தடவை அக்குள் பக்கம் பாத்துடறேன். வலி எங்க இருக்குன்னு தெரியணும், அதைப் பொறுத்துத்தான் சில விஷயம் முடிவு பண்ணணும்,” என்று டாக்டரம்மா என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லிப் பச்சைத் திரையை இழுத்தார். கட்டிலுக்குத் திரை போதவில்லை. என் பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் திரைக்கு அந்தப் பக்கம், கால்மாட்டில் நின்றார்.

டாக்டரம்மாவின் விரல் அக்குளில் ஓர் இடத்தில் அழுந்தியது. கண்ணில் நீர் கோத்தது.

“இங்க வலிக்குதா?”

“இல்ல டாக்டர்.”

“இங்க?”

“இல்ல. லேசா… இல்ல, வலிக்கல.”

“டாக்டர்.” திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல். “அவளுக்கு வலிக்குது.”

டாக்டரம்மா விரலை எடுத்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினார். “அவங்க இல்லன்னு சொல்றாங்களே?”

“சொல்லுவா. வலது கால் கட்டை விரலைப் பாருங்க. உள்பக்கமா மடங்கியிருக்கு பாருங்க. அப்படின்னா நல்லா வலிக்குதுன்னு அர்த்தம். பொண்ணு பொறந்தப்பவும் இப்படித்தான், வாயைத் திறக்கல, விரல்தான் மடங்கிச்சு. நீங்க வாயைக் கேக்காதீங்க, விரலைப் பாருங்க.”

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். திரைக்கு வெளியே இருந்த என் கால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் விரல் மடங்கியிருப்பதை உணர முடிந்தது. அது அப்படி மடங்கும் என்பது இத்தனை வருடத்தில் எனக்கே தெரியாது. அவர் கை என் பாதத்தைப் பிடித்தது. உள்ளங்கை சூடாக இருந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மறுபடி அதே இடத்தில் விரலை வைத்தார்.

“இங்க வலிக்குதா?”

“வலிக்குது டாக்டர்,” என்றேன்.